இந்தத் துப்பாக்கி எந்தக் கடையில் விற்றது? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் கேரி என்ற எஃகு நகரத்தையும் அங்கு நடக்கும் துப்பாக்கிச் சூடுகளையும் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் சொல்கிறோம். "நம்ம சிங்கப்பூர் மாதிரி தூக்கில் போட்டால் சரியாகிவிடும்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பியவர்களுக்கும் பதில் உண்டு, கொஞ்சம் தள்ளி.

சிகாகோவில் துப்பாக்கிச் சட்டம் கடுமை என்கிறார்கள். ஆனால் வாரக் கடைசி வந்தாலே எத்தனை பேர் சுடப்பட்டார்கள் என்றுதான் செய்தி வருகிறது. அப்புறம் சட்டம் போட்டு என்ன பயன்? கேரிக்கும் சிகாகோவுக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

தொடர்பு ஒரு நெடுஞ்சாலைதான். கேரியிலிருந்து சிகாகோ நகர மையத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். நடுவில் ஒரு மாநில எல்லை. அந்தப் பக்கம் இலினோய், இந்தப் பக்கம் இண்டியானா. இலினோயில் துப்பாக்கி வைத்திருக்க மாநிலக் காவல்துறை தரும் அடையாள அட்டை வேண்டும், பணம் கட்டிய பிறகும் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இண்டியானாவில் அப்படி ஓர் அட்டையே கிடையாது. 2022 ஜூலை 1 முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத 18 வயது நிரம்பிய எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம்.

மலேசியா போகும்போது நாம் கடக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி மாதிரி ஒன்றை அந்த எல்லையில் தேடாதீர்கள். "இண்டியானா உங்களை வரவேற்கிறது" என்று ஒரு பலகை இருக்கும், அவ்வளவுதான். காரைத் திறந்து பார்க்க யாரும் இல்லை.

குற்றம் நடந்த இடங்களில் கைப்பற்றிய துப்பாக்கிகள் எங்கே விற்கப்பட்டவை என்று சிகாகோ நகராட்சி 2017ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏறக்குறைய 60 விழுக்காடு இலினோய்க்கு வெளியே விற்றவை. இண்டியானா மட்டும் சுமார் 21 விழுக்காடு. வேறெந்த வெளிமாநிலமும் அந்த அளவை நெருங்கவில்லை.

இதை வைத்து இரண்டு தரப்பும் வாதாடும். கட்டுப்பாடு வேண்டாம் என்பவர் "பாருங்கள், சட்டம் தோற்றுவிட்டது" என்பார். எங்கள் கணக்கு வேறு. உள்ளூரில் எளிதாக வாங்க முடிந்திருந்தால் யாரும் எல்லை தாண்டிப் போயிருக்க மாட்டார்கள். ஆனால் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: மீதி 40 விழுக்காடு இலினோய்க்குள்ளேயே விற்றவைதான். பக்கத்து மாநிலத்தின் மேலேயே முழுப்பழியையும் போட்டுவிட்டுச் சிகாகோ கை கழுவ முடியாது. அந்நகரம் 1982 முதல் கைத்துப்பாக்கியையே தடை செய்து வைத்திருந்தது. 2010ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் அந்தத் தடை முடிவுக்கு வந்தது.

கடையில் வாங்கும்போது பின்னணிச் சோதனை உண்டாமே. பிறகு குற்றவாளி கைக்கு எப்படிப் போகிறது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், தெம்பனிஸ்

நல்ல கேள்வி. அமெரிக்கத் துப்பாக்கி விவாதத்தில் பாதிச் சண்டை இந்த நடைமுறை தெரியாமல் போடுவது.

மத்திய அரசின் உரிமம் பெற்ற கடைக்குப் போகிறீர்கள். 4473 என்று எண்ணிட்ட படிவத்தைத் தருவார்கள். பெயர், முகவரி, பிறந்த இடம், தண்டனை பெற்றதுண்டா, போதைப்பழக்கம் உண்டா, குடும்ப வன்முறை வழக்கு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். அவற்றில் முக்கியமானது, 'இதை உண்மையில் வாங்குவது நீங்கள்தானா?' என்பது. கையெழுத்துப் போட்டதும் கடைக்காரர் எஃப்பிஐ நடத்தும் தேசியச் சோதனை முறைக்குத் தகவல் அனுப்புவார். இது 1993ல் வந்த பிரேடி சட்டத்தின் கீழ் 1998 நவம்பரில் தொடங்கியது. பெரும்பாலும் சில நிமிடங்களில் விடை வந்துவிடும்: கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது, பொறுங்கள் என்று மூன்றில் ஒன்று.

முதல் ஓட்டை அந்த 'பொறுங்கள்' என்ற விடையில் இருக்கிறது. மூன்று வேலை நாளுக்குள் தெளிவான பதில் வராவிட்டால் கடைக்காரர் விருப்பப்பட்டால் விற்கலாம், மத்தியச் சட்டம் தடுக்காது. 2015ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது இந்த வழியில்தான்.

இரண்டாவது, பினாமி வாங்கல். இதுதான் கேரி, சிகாகோ கதையின் முதுகெலும்பு. ஒரு மாநிலத்தவருக்கு இன்னொரு மாநிலக் கடை கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. அதனால் சிகாகோக்காரனுக்கு இண்டியானா முகவரி உள்ள, வழக்கு எதுவும் இல்லாத ஓர் ஆள் தேவை. காதலி, மச்சான், கடன்பட்ட நண்பன், யாரோ ஒருவர். அவர் 4473ல் 'நான்தான் வாங்குகிறேன்' என்று பொய்க் கையெழுத்துப் போடுகிறார். சோதனையில் அவர் சுத்தம், கணினி பச்சைக்கொடி காட்டிவிடும். கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் கவுண்டரில் நிற்கும் கடைக்காரர்தான். ஒருவன் கண்ணாடிப் பெட்டியைச் சுட்டிக்காட்டிப் பேரம் பேசுகிறான், கூட வந்த பெண் படிவத்தை நிரப்புகிறாள் என்றால் விஷயம் தெரிந்துவிடாதா? ஐந்து வேலை நாளுக்குள் ஒரே ஆள் இரண்டோ அதற்கு மேலோ கைத்துப்பாக்கி வாங்கினால் கடைக்காரர் துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்புக்குத் தனியாக அறிக்கை அனுப்பியாக வேண்டும். ஆனால் விற்பனையை நிறுத்த வேண்டும் என்பதில்லை. பினாமி வாங்கலைத் தனிக் குற்றமாக்கி 15 ஆண்டு வரை சிறை என்று சட்டம் வந்ததே 2022ல்தான். அதுவரை 'படிவத்தில் பொய் சொன்னார்' என்றுதான் வழக்குப் போட வேண்டியிருந்தது. நீதிபதிகள் பலர் அதைக் காகிதக் குற்றமாகவே பார்த்தார்கள்.

மூன்றாவது, தனியார் விற்பனை. உரிமம் பெற்ற வணிகர் அல்லாத ஒருவர் தன் துப்பாக்கியைத் தன் மாநிலத்தவருக்கு விற்றால் மத்தியச் சட்டப்படி சோதனையே தேவையில்லை. சில மாநிலங்கள் தாமாக இதை அடைத்திருக்கின்றன, இண்டியானா அடைக்கவில்லை. நான்காவது திருட்டு, முக்கியமாக நிறுத்தியிருக்கும் காரிலிருந்து.

இனி எதிர்த்திசை: சம்பவ இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் வேரை எப்படித் தேடுகிறார்கள்? மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் மத்திய அரசின் தேடல் மையம் இருக்கிறது. காவல்துறை தொடர் எண்ணை அங்கே அனுப்பும். மையத்தில் உள்ளவர் தயாரிப்பாளரைக் கேட்பார், தயாரிப்பாளர் மொத்த வணிகரைக் காட்டுவார், அவர் கடையைக் காட்டுவார், கடைக்காரர் 4473ஐத் தேடி எடுப்பார். கணினியில் பெயரைத் தட்டினால் வராதா என்றால், வராது. துப்பாக்கி உரிமையாளர்களின் மையப் பதிவேட்டை அரசு உருவாக்கக் கூடாது என்று 1986ல் சட்டமே போட்டுவிட்டார்கள். மூடிப்போன கடைகளின் பெட்டி பெட்டியான காகிதங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள், ஆனால் பெயரை வைத்துத் தேட முடியாதபடி. ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும். 2020களில் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்பதை நம்மூர் இளையர்கள் நம்ப மாட்டார்கள்.

எண்ணை அராவிவிட்டால்? முழுவதும் போய்விடாது. எண்ணை அச்சடிக்கும்போது அடியில் உள்ள உலோகமும் நசுங்கியிருக்கும். மேற்பரப்பை மெருகேற்றி அமிலம் தடவினால் நசுங்கிய பகுதி வேறு வேகத்தில் அரிக்கும், எண் மங்கலாக எழும்பி வரும். ஆழமாக அராவியிருந்தால்தான் கிடைக்காது. தரையில் கிடக்கும் வெற்றுத் தோட்டாக்கூடும் பேசும். அதன் அடியில் ஊசி குத்திய தடத்தை வைத்து, இதே துப்பாக்கி வேறெந்தச் சம்பவத்தில் சுட்டது என்று பார்க்க நாடு தழுவிய படக்களஞ்சியம் உண்டு. ரிவால்வர் கூட்டை வெளியே தள்ளாது என்பதால் அதில் இந்த வசதி குறைவு.

கடையில் விற்ற நாளுக்கும் குற்றத்தில் பிடிபட்ட நாளுக்கும் இடையிலான காலத்தைத்தான் புலனாய்வாளர்கள் முதலில் பார்ப்பார்கள். மூன்று ஆண்டுக்குள் என்றாலே சந்தேகம். சில மாதம் என்றால், வாங்கும்போதே கைமாற்றும் எண்ணம் இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும்.

கேரி நகராட்சி துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மேல் வழக்குப் போட்டதாக எழுதியிருந்தீர்கள். என்ன ஆயிற்று?
– வாசகர், பிடோக்

1999 ஆகஸ்ட் இறுதியில் போட்ட வழக்கு. அந்தப் பகுதிக் கடைகளுக்குக் காவல்துறை மாறுவேடத்தில் ஆளனுப்பியது. 'வாங்குவது நான், கையெழுத்துப் போடுவது இவர்' என்று கண்முன்னே நடித்தபோதும் விற்றார்கள் என்பதுதான் புகாரின் மையம். இப்படி விற்கும் கடைகள் எவை என்று தெரிந்தும் தயாரிப்பாளர்கள் சரக்கு அனுப்பினார்கள், அதனால் நகருக்குப் பொதுத்தொல்லை என்று வாதம். 2003ல் இண்டியானா உச்ச நீதிமன்றம் வழக்கு நடக்கலாம் என்றது. 2005ல் அமெரிக்க நாடாளுமன்றம் துப்பாக்கித் தொழிலுக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தரும் சட்டம் கொண்டுவந்தது. நாட்டின் மற்ற நகரங்கள் போட்ட இத்தகைய வழக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன, கேரியுடையது மட்டும் விழாமல் தொடர்ந்தது.

2024ல் இண்டியானா சட்டமன்றம் ஒரு காரியம் செய்தது. நகராட்சிகள் துப்பாக்கி நிறுவனங்கள் மேல் வழக்குப் போடக் கூடாது, அந்த உரிமை மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு மட்டுமே என்று சட்டம். அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று எழுதினார்கள் தெரியுமா? 1999 ஆகஸ்ட் 27. அதாவது கேரி வழக்குப் போட்டதற்கு மூன்று நாள் முன்பிருந்து. ஊரின் பெயரை எழுதாமலே ஊரைக் குறிவைப்பது எப்படி என்று சட்டக்கல்லூரி மாணவர்களுக்கு இதைப் பாடமாகவே நடத்தலாம்.

கேரியில் ஆலை மூடியதால்தானே இவ்வளவும்? நானும் ஜூரோங்கில் முப்பது வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். இங்கேயும் ஆலைகள் போனால் இதே கதி வருமா?
– ஓய்வுபெற்ற தொழிலாளி, ஜூரோங் வெஸ்ட்

ஐயா, முதலில் ஒரு திருத்தம். கேரியில் ஆலை மூடவில்லை. 1906ல் யுஎஸ் ஸ்டீல் நிறுவனம் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேட்டில் கட்டிய ஊர் அது. நிறுவனத் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். அந்த ஆலை இன்றும் ஓடுகிறது. 2025 ஜூனில் ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. போனது வேலை. அமெரிக்காவில் ஒரு டன் எஃகு செய்ய 1980களின் தொடக்கத்தில் சுமார் 10 மனித மணிநேரம் பிடித்தது, இப்போது ஏறக்குறைய 2. ஆக்சிஜன் உலை, தொடர்வார்ப்பு, கணினி, இறக்குமதிப் போட்டி எல்லாம் சேர்ந்து ஆளைக் குறைத்தன. எஃகு வருகிறது, சம்பளம் வரவில்லை.

1960ல் கேரியின் மக்கள்தொகை 178,320. 2020ல் 69,093. ஆனால் எல்லாரும் வேலை போனதால் போனவர்கள் அல்லர். 1967ல் ரிச்சர்ட் ஹாட்சர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரிய அமெரிக்க நகரம் ஒன்றில் தேர்தலில் வென்ற முதல் கறுப்பின மேயர்களில் ஒருவர் அவர். வெள்ளைக்காரக் குடும்பங்களும் கடைகளும் தெற்கே நகர்ந்தன. 1971ல் அந்தத் தெற்குப் புறநகர் மெரில்வில் தனி நகரமானது. வரி கட்டும் சொத்து எல்லைக்கு வெளியே போய்விட்டது. அமெரிக்காவில் நகராட்சி பெரும்பாலும் சொத்து வரியில் வாழ்கிறது. வீட்டின் மதிப்பு விழுந்தால் வரி விழும், வரி விழுந்தால் தெருவிளக்கும் காவலரும் குறைவார்கள், அதனால் வீட்டின் மதிப்பு இன்னும் விழும். போதாததற்கு 2008ல் இண்டியானா சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டது: சொந்தக் குடியிருப்புக்கு மதிப்பில் 1 விழுக்காடு. கேரி போன்ற ஏழை நகரங்களுக்கு அது பெரிய அடி. ஆயிரக்கணக்கான வீடுகள் காலியாகக் கிடக்க, இடிக்கக்கூடப் பணமில்லை. 1990களில் நாட்டிலேயே கொலை விகிதம் மிக அதிகமான நகரம் என்ற பெயரும் வந்து சேர்ந்தது.

இனி நம் ஊர். இதைச் சோதித்துப் பார்க்க ஜூரோங் வரை போக வேண்டியதில்லை, செம்பவாங் போதும். 1968 ஜனவரியில் பிரிட்டன் 1971க்குள் தன் படைகளை எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தபோது, இத்தீவின் பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு படைத்தளங்களை நம்பியிருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் ஏராளம். அங்கே தளம் போனது, ஆனால் கப்பல் பட்டறை 1968லேயே செம்பவாங் ஷிப்யார்ட் நிறுவனமாகத் தொடர்ந்தது. காலி நிலம் யாரோ ஒரு கடன்காரர் பெயரில் புல் முளைத்துக் கிடக்கவில்லை, அரசு கையில் இருந்தது. செம்பவாங்குக்குத் தனி நகராட்சிக் கருவூலம் கிடையாது. ஒரு வட்டாரம் நொடித்தால் அந்த வட்டாரத்துத் தெருவிளக்கு அணையாது.

அதற்காக இங்கே அப்போது எல்லாம் அமைதி என்று நினைக்க வேண்டாம். 1970களின் தொடக்கத்தில் துப்பாக்கி காட்டிக் கொள்ளையடித்த கும்பல்கள் இங்கேயும் இருந்தன, காவலர்கள் சுடப்பட்டார்கள். அதைச் சமாளிக்கத்தான் 1973ல் ஆயுதக் குற்றச் சட்டம் வந்தது. ஆகவே 'ஆலை போனால் துப்பாக்கி வரும்' என்று நேர்க்கோடு போட முடியாது. வேலையும் வரியும் போன ஊரில் சண்டை பெருகும். அந்தச் சண்டையில் கையில் கிடைப்பது பாராங் கத்தியா, கைத்துப்பாக்கியா என்பது வேறு கணக்கு. சாவின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கு.

நம் ஊர் மாதிரி அங்கேயும் தூக்குத்தண்டனை வைத்தால் நிற்காதா?
– பல வாசகர்கள்

நம் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலோ சுட முயன்றாலோ மரண தண்டனை, குண்டு யார் மேலும் படாவிட்டாலும். குற்றத்தில் கூட்டாளியாக உடனிருந்தவர் தடுக்க முயன்றதாக நிரூபிக்காவிட்டால் அவருக்கும் அதே. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையோடு குறைந்தது 6 பிரம்படி. 2006ல் சிராங்கூனில் இரவு விடுதி உரிமையாளர் ஒருவரைச் சுட்டவர் மலேசியாவுக்கு ஓடியும் பிடிபட்டு, 2009ல் தூக்கிலிடப்பட்டார்.

இங்கே அது வேலை செய்ததற்குத் தண்டனையின் கடுமை ஒரு காரணம்தான். பொதுமக்கள் கையில் துப்பாக்கி சொற்பமாக இருந்தபோதே சட்டம் வந்தது. கடல் சூழ்ந்த சிறு தீவு, நுழைவாயில்கள் எண்ணிக்கைக்குள் அடங்கும். ராணுவத்தில் கட்டாயத் தேசிய சேவை செய்தவர்களுக்குத் தெரியும்: சுடுதளத்தை விட்டுக் கிளம்புமுன் 'என்னிடம் தோட்டாவோ கூடோ எதுவும் இல்லை' என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும். ஆயுதக் கிடங்கில் ஒரு ரைபிள் குறைந்தால் முகாமே உறங்காது. அமெரிக்காவிலோ 2018ல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி பொதுமக்களிடம் 39 கோடிக்கு மேற்பட்ட துப்பாக்கிகள், மக்கள்தொகையை விட அதிகம். அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் தனிமனிதருக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை தருகிறது என்று 2008ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. இண்டியானாவில் கொலைக்கு மரண தண்டனை ஏற்கெனவே உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். அந்நாட்டில் கொலை வழக்குகளில் ஏறக்குறைய பாதியில் ஆளே பிடிபடுவதில்லை. பிடிபடாதவனுக்கு எந்தத் தண்டனை எழுதி வைத்தாலும் ஒன்றுதான்.

ஏஆர்-15 போன்ற அரைத்தானியங்கி ரைபிள்களை மட்டும் தடை செய்தால் போதாதா?
– தொடக்கக்கல்லூரி மாணவி, செங்காங்

பள்ளிக்கூடப் படுகொலைச் செய்திகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1994 முதல் 2004 வரை அத்தகைய தடை இருந்தது, காலாவதியானபின் புதுப்பிக்கவில்லை. ஆனால் 2020ல் துப்பாக்கியால் நடந்த கொலைகளில் எஃப்பிஐ கணக்குப்படி 59 விழுக்காட்டில் கைத்துப்பாக்கி, வெறும் 3 விழுக்காட்டில் ரைபிள். மீதியில் பெரும்பகுதி வகை பதிவாகாதவை. கேரியில் தெருமுனையில் நடப்பது கைத்துப்பாக்கிச் சாவு. பெருங்கூட்டத்தைச் சில நிமிடங்களில் கொல்வதைத் தடுக்க ரைபிள் தடைக்கு நியாயம் உண்டு, அதைத் தொழில் நகரத்து வன்முறைக்கு மருந்தாக விற்கக் கூடாது.

இன்னொன்று. 2023ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், கொலையுண்டவர்கள் 17,927. பாதிக்கும் மேற்பட்ட சாவைப் பற்றித் தொலைக்காட்சி விவாதங்களில் பேச்சே இல்லை.

அப்படியென்றால் எதுதான் பலன் தந்திருக்கிறது?
– சமூகப் பணியாளர், அங் மோ கியோ

மூன்றைச் சொல்லலாம். முதலாவது, 1996ல் பாஸ்டனில் தொடங்கிய முறை. ஒரு நகரத்தில் சுடுபவர்கள் மிகச் சிலர், அவர்களும் சிறுசிறு குழுக்கள். ஒவ்வொரு சூட்டையும் மேசையில் வைத்து, யாருக்கும் யாருக்கும் பகை என்று காவலர்களும் தெருப்பணியாளர்களும் சேர்ந்து வரைபடம் போடுகிறார்கள். பிறகு அந்தக் குழுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அரசு வழக்கறிஞர் இருப்பார், மகனைப் பறிகொடுத்த தாய் இருப்பார், சிறை மீண்டவர் இருப்பார். செய்தி ஒன்றுதான்: உங்களில் ஒருவன் சுட்டால் மொத்தக் குழுவின் மேலும் கண் விழும், வெளியேற நினைத்தால் வேலை, வீடு மாற்றம், உதவி இன்றே தொடங்கும். பாஸ்டனில் இளையர் கொலைகள் 63 விழுக்காடு குறைந்ததாக மதிப்பீடு. எங்கே கெடும் என்றால், உதவி என்ற பாதி சொல்லோடு நின்றுவிடும்போது. அப்போது அது வெறும் மிரட்டல். மேயர் மாறினால் திட்டமும் போய்விடுவது இன்னொரு வியாதி.

பால்டிமோரும் வேலை இழந்த எஃகு ஊர்தான். அங்கிருந்த ஸ்பாரோஸ் பாயிண்ட் ஆலை 2012ல் மூடியது. 2015 முதல் 2022 வரை ஆண்டுக்கு 300க்கு மேல் கொலைகள். 2022ல் ஒரு வட்டாரத்தில் இந்த முறையைத் தொடங்கினார்கள். 2023ல் 263, 2024ல் 201. நாடு முழுவதும் அதே காலத்தில் கொலை குறைந்தது, ஆகவே முழுப்புகழையும் இதற்கே கொடுக்க முடியாது.

இரண்டாவது, சமரசக்காரர்கள். கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர் 2000ல் சிகாகோவில் தொடங்கியது. அந்தத் தெருவில் மதிப்புள்ள, பழைய வாழ்க்கையை விட்ட ஆட்களை வேலைக்கு வைத்து, குண்டடிபட்டவன் மருத்துவமனையில் கிடக்கும்போதே அவன் நண்பர்கள் பழிவாங்கக் கிளம்பாமல் தடுப்பது. ஊருக்கு ஊர் முடிவு மாறுகிறது. ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்களா, மாதச் சம்பளம் நிற்காமல் வந்ததா என்பதைப் பொறுத்தது.

மூன்றாவதுதான் கேரி போன்ற ஊருக்குக் கையடக்கமானது. பிலடெல்பியாவில் 541 காலிமனைகளை எடுத்து ஆய்வு செய்தார்கள். அவற்றில் ஒரு பகுதியில் குப்பையை அள்ளி, தரையைச் சமன் செய்து, புல் விதைத்து, சில மரம் நட்டு, தாழ்வான மரவேலி போட்டு, தவறாமல் புல் வெட்டினார்கள். 2018ல் வந்த முடிவின்படி வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. காரணம் மர்மமில்லை: காவலர் சோதித்தால் மாட்டிக்கொள்வோம் என்று துப்பாக்கியை இடுப்பில் வைக்காமல் புதரில் ஒளித்துவைப்பார்கள். புதர் போனால் ஒளிக்க இடமில்லை, பக்கத்து வீட்டுப் பாட்டியும் வாசலில் வந்து உட்காரத் தொடங்குவார். வேலி உயரமாகப் போட்டால் கெட்டுவிடும், உள்ளே நடப்பது தெரியாது. புல் வெட்டுவதை நிறுத்தினால் பழையபடி காடு.

என் மகன் ஆகஸ்டில் இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகிறான். சிகாகோ விமான நிலையத்தில் இறங்கி காரில் போக வேண்டுமாம். உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது.
– ஒரு தாயார், ஈசூன்

அம்மா, மாணவர்கள் தினமும் போகும் வழிதான் அது. கேரிப் பக்கமாக நெடுஞ்சாலையில் கடந்து போவதற்கும் அந்த ஊரில் நள்ளிரவில் தெருமுனையில் நிற்பதற்கும் தொடர்பில்லை. சுடுவதும் சுடப்படுவதும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்குள்தான். மகனிடம் சொல்ல வேண்டியவை வேறு.

மாணவர் விசாவில் போகிறவர் துப்பாக்கி அல்லது தோட்டா வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. விலக்குகள் மிகக் குறைவு. நண்பர்கள் சுடுதளத்துக்குக் கூப்பிடுவார்கள், வாடகைத் துப்பாக்கிதானே என்பார்கள். கையில் எடுத்தாலே வைத்திருந்ததாகக் கணக்கு. தண்டனை 15 ஆண்டு வரை போகலாம், விசா போவது அதற்கு முன்பே. 'நான் தேசிய சேவையில் நன்றாகச் சுட்டவன்' என்ற பெருமையை இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டும்.

காவலர் காரை நிறுத்தினால் ஓரமாக நிறுத்தி, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்க வேண்டும். நம் பழக்கத்தில் இறங்கிப் போய் மரியாதையாகப் பேசப் போவோம், அங்கே அது ஆபத்து. ஓட்டுநர் உரிமம் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தால், 'அதை எடுக்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுக்க வேண்டும். முகவரி தவறி வேறு வீட்டு வாசலில் காரைத் திருப்புவதையும், இருட்டில் கதவு தட்டுவதையும் தவிர்க்கட்டும். வாடகை வீட்டில் அறைத்தோழனிடம் துப்பாக்கி உண்டா, பூட்டி வைப்பானா என்று ஒப்பந்தத்துக்கு முன் கேட்பது அங்கே அநாகரிகம் இல்லை.

சூடு நடந்தால் இங்கே கற்றுத்தந்ததேதான்: ஓடு, ஒளி, சொல். எண் மட்டும் 911. யாருக்காவது கை காலில் ரத்தம் பீறிட்டால் துணியைக் காயத்துக்குள் திணித்து இரு கையாலும் முழு எடையோடு அழுத்த வேண்டும். நிற்காவிட்டால் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டு இல்லாத இடத்தில், ரத்தக்கட்டுப் பட்டையை ரத்தம் நிற்கும் வரை முறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். ஒருமுறை கட்டியதைப் பார்க்கலாமே என்று தளர்த்தக் கூடாது. மார்பிலும் வயிற்றிலும் இந்தக் கட்டு ஆகாது.

அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் தோட்டா வடிவச் சாவிக்கொத்து ஒன்று தந்தார். பேரனுக்கு இணையத்தில் விளையாட்டுத் துப்பாக்கியும் வாங்கலாம் என்றிருக்கிறேன். பிரச்சினை வருமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

சாவிக்கொத்து உண்மையான தோட்டா அல்லது சுட்ட கூட்டில் செய்ததா, வெறும் வார்ப்பா என்று பார்வையால் சொல்ல முடியாது. உண்மையானது என்ற சந்தேகம் இருந்தால் குப்பையில் போடாதீர்கள், காவல்துறையை அழைத்துச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் குண்டு பாயும் ஏர்சாஃப்ட் வகையை விளையாட்டுப் பொருள் என்று விற்பார்கள், இங்கே அது அனுமதி வேண்டிய ஆயுதம். இணையத்தில் வாங்கினாலும் இறக்குமதி செய்தவர் நீங்கள்தான். அசலைப் போலவே இருக்கும் பொம்மைக்கும் முன் அனுமதி கேட்பார்கள். கைத்துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டருக்கு அனுமதி கேட்கவே வேண்டாம், அது முற்றாகத் தடை. பேரனுக்குப் பளிச்சென்ற நிறத்தில் நீர்த்துப்பாக்கி வாங்கிக் கொடுங்கள், தேக்காவிலேயே கிடைக்கும்.